மூலைப் பெட்டிக்குள் மூச்சுப் பிடித்தவனுக்கு

கடலின் அடித்தரையை வெறுங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து, 'ஒண்ணுமில்லலே, நம்ம தெரு மாதிரிதான் இருக்கு' என்று சொன்ன என் அருமை மச்சான் சூசைக்கு,

கஸ்பார் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். அங்கே உன் நலத்தை எப்படி விசாரிப்பது முறை என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு சத்தியம். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒரு ஜீவன் நம்பாது. மாதா கோவில் வாசலில் முழந்தாளிட்டு, இரண்டு கையிலும் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு இதை உறுதி கூற நான் தயார். நீயும் நம்பமாட்டாய். கடலாமை ஒன்று என்னிடம் கொழும்புக்கு வழி கேட்டதை நான் சொன்ன அன்று, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாயே, அப்படித்தான் பார்ப்பாய். பார். அந்தப் பார்வையைப் பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

ஊர்ச் செய்தி கொஞ்சம் கேள். புதுத் துறைமுகத்தில் இப்போது கப்பல்கள் கரையை உரசிக்கொண்டே நிற்கின்றன. போன வாரம் வந்த ஒரு கப்பலின் நிழல் நம் தெருவரைக்கும் விழுந்து, பட்டப்பகலில் கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் போய் அடைந்துகொண்டன. இன்ஜின் படகுகள் பெருகிவிட்டன. டீசல் நாற்றம் தாங்காமல் மீன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நீந்துவதை நானே கண்டேன். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவன் கையகலப் பெட்டிக்குள் நாடாவைப் போட்டுப் பாட்டுக் கேட்கிறான். அதில் வேண்டிய ஆளின் குரலைப் பிடித்தும் வைத்துக்கொள்ளலாமாம். அந்தப் பெட்டி ஒரு வருஷம் முன்னால் நம் தெருவுக்கு வந்திருக்கக் கூடாதா?

சரி, பிரகாசியைப் பற்றிச் சொல்லத்தானே உட்கார்ந்தேன்.

இதை ஊரும் படிக்கப்போகிறது. ஆகையால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். எங்கள் கரையில் சங்கு குளிக்கிறவன் தன் கயிற்றைக் கூடப்பிறந்தவன் கையில்கூடக் கொடுக்க யோசிப்பான். பெண்டாட்டியின் அண்ணன் தம்பியைத்தான் படகுக்குக் கூப்பிடுவான். கயிறு நழுவினால் தாலி இறங்குவது அவன் சொந்தத் தங்கைக்கு. அந்தப் பயத்தில் அவன் கை நழுவாது. என் தங்கை பிரகாசியைக் கட்டிய நாள் முதல் உன் கயிறு என் கையில் இருந்தது. மேலே நான், கீழே நீ. நம் இருவருக்கும் நடுவே இருந்த மொழியில் இரண்டே சொல். ஒருமுறை இழுத்தால், 'நான் நல்லாயிருக்கேன், இன்னும் கயிறு விடு.' அடுத்தடுத்து இரண்டு முறை இழுத்தால், 'தூக்கு.'

காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி மத்தியானம் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். உனக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. பிரகாசியின் முந்தானை உன் கைக்குள் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரனைப் பார்க்க வந்தவர்கள் டிரான்சிஸ்டர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்களாம். ஏதோ படத்தின் சண்டைக் கட்டம். கத்தலைக் கேட்டு இவள் தலையைத் திருப்பியிருக்கிறாள். நான் வந்தபோது உன் கை முந்தானையை விட்டிருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"எண்ணே, அவிய என் சேலையை இழுத்தாவ."

"எப்பளா?"

"கடைசில. ஒண்ணு நல்லாத் தெரிஞ்சிது. அதுக்குப் பொறவு இன்னொண்ணு இருந்திச்சா, இல்லையா? அந்தச் சத்தத்துல நான் திரும்பிட்டேன். எனக்குத் தெரியல."

"ஒண்ணுதாம்ளா இருக்கும்."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"பொறவு எதுக்குச் சொல்லுத? ரெண்டா இருந்தா தூக்குன்னுலா அர்த்தம். நான் தூக்கலையே."

மச்சான், கடலாமையோடு பேசிய வாய் இது. அன்றைக்கு அதில் ஒரு பொய்கூட ஊறவில்லை.

அன்று முதல் உன் வீட்டில் சத்தம் நின்றது. கிணற்றுக் கப்பி கீச்சிடுகிறதென்று துணியைச் சுற்றினாள். கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். ரேடியோவின் மேல் உன் தலைத்துண்டைப் போட்டு மூடினாள். ஒரு பழைய சேலையை எடுத்து, ஒரு நுனியை உன் சாய்வு நாற்காலியின் கையில் கட்டி, மறுநுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார ஆரம்பித்தாள். விட்டுப்போன இரண்டாவது இழுப்பு வந்தால் இந்தத் தடவை தவறக் கூடாதாம். யாராவது பேசினால் உதட்டில் விரல் வைப்பாள். நான் ஒருநாள் உள்ளே நுழைந்தபோது, காற்றில்லாத வீட்டில் அந்தச் சேலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சுதான் ஆட்டியிருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தேன்.

அவளை அந்தச் சேலையிலிருந்து அவிழ்க்க வேண்டும். ஆண்டுப் பூசைக்கு முன்னால் அவிழ்க்க வேண்டும். இதற்கு மாமன்னர் கஸ்பார் கண்டுபிடித்த உபாயம் என்ன தெரியுமா? நீ தேடி முடிக்காமல் விட்டுப்போன ஸ்பீக்கர்.

உங்கள் இரண்டு பேருக்கும் இருந்த ஒரே சண்டை அதுதானே. கொழும்பிலிருந்து தோணியில் வந்த அந்த வால்வு ரேடியோ, பக்கத்தில் இசைத்தட்டுப் போடும் தட்டோடு, ராஜா மாதிரி வீட்டுக்குள் நுழைந்தது. ஆனால் அதன் வயிற்றில் இருந்த ஸ்பீக்கருக்குத் தொண்டை போதாது. நீ தனி ஸ்பீக்கர் தேட ஆரம்பித்தாய். முத்துக்கும் சங்குக்கும் முங்கிமுங்கி உன் காது இரண்டும் பாதி போயிருந்தன. பாட்டில் தவிலும் தபேலாவும் வந்து உன் விலா எலும்பில் இடித்தால்தான் உனக்குப் பாட்டு. அவளுக்கோ பாட்டு வேண்டாம், படம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒரு படத்தின் சத்தத்தை மட்டும் போடுவார்களே, அந்த ஒலிச்சித்திரத்தில் கதாநாயகி தனக்குள்ளே முணுமுணுப்பதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். உன் விலா எலும்புக்கும் அவள் காதுக்கும் பொதுவாக ஒரு பெட்டி. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையே கேட்க வேண்டும் என்பதுதான் உங்கள் இருவரின் ஆசை. சண்டையும் அதில்தான்.

விளாத்திகுளத்திலிருந்து வந்து இங்கே ரேடியோக் கடை போட்டிருக்கும் அண்ணாச்சியிடம் நீ எத்தனை தடவை கேட்டாய், நினைவிருக்கிறதா?

"பாட்டுக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பெட்டி. ரெண்டும் ஒண்ணுல வேணும்னா நீரு கடலுக்குள்ளதான் வேய் தேடணும்" என்றார்.

"அங்கன தேடிட்டேன் அண்ணாச்சி. இல்ல" என்றாய் நீ, சிரிக்காமல்.

பிரகாசியிடம் நான் போய் உட்கார்ந்து, சேலை நுனியைத் தொடாமல், குரலைக் கம்மலாக்கிக்கொண்டு சொன்னேன்.

"ஏளா, மைக்கும் ஸ்பீக்கரும் ஒண்ணுதாம்னு அண்ணாச்சி சொல்லுதாரு. ஒண்ணு காது, இன்னொண்ணு அதையே திருப்பிப் போட்ட வாய். மச்சான் இழுக்கிறது சேலைல தெரியலைன்னா அதுல தெரியும்லா? நல்ல ஸ்பீக்கரா இருக்கணும். அவ்வளவுதான்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது இடது காது துடிக்கும் என்று சின்னப்பிள்ளையிலிருந்தே அவளுக்குத் தெரியும். காதைத்தான் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றாள்.

முதல் ஞாயிறு, அண்ணாச்சி கடைப் பெட்டி வந்தது. பலகைப் பெட்டிக்குள் காகிதக் கூம்பு. அதை மாதா சுரூபம் வைத்த தட்டுக்கு அடியில், மூலையில், இரண்டு சுவரும் முதுகில் இடிக்க வைத்தேன். நம் சனத்துக்கு விலை உயர்ந்த எதையும் வைக்கத் தெரிந்த ஒரே இடம் அதுதானே. கல்யாணப் பட்டு, நிலப் பத்திரம், ஸ்பீக்கர், எல்லாம் சுரூபத்தின் காலடியில். பாட்டு வந்தது. தவில் விழுந்த வேகத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று நங்கூரத்தை அறுத்துக்கொண்டது. ஆனால் ஒலிச்சித்திரம் தொடங்கியதும் படத்தில் இருந்த அத்தனை பேரும் வாயில் பனங்கிழங்கை அடக்கிக்கொண்டு பேசினார்கள். பிரகாசி நெற்றியைச் சுருக்கினாள்.

இரண்டு வசனத்துக்கு நடுவே, ஒரு அமைதியில், வேறொன்று கேட்டது.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நீளமாக, மூக்கால் அல்ல, வாயால். படத்தில் வருகிறவர்கள் அப்படி மூச்செடுப்பதில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, இறங்கப்போகிறவன் எடுக்கும் மூச்சு. நான் ரேடியோவை அணைத்தேன்.

"ஏன் அணைச்ச?" என்றாள்.

"வால்வு சூடாயிட்டு" என்றேன். அவள் என் காதைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, கல்யாண வீட்டில் கட்டும் புனல் ஸ்பீக்கர். அதையும் அதே மூலையில்தான் சாய்த்து வைத்தேன். வசனம் கத்தி போல வந்தது. கதாநாயகி ரகசியம் சொன்னாள், அது வேம்பார் கரைவரைக்கும் கேட்டு, அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை விட்டுவிட்டு அழுதார்கள். பாட்டோ, தகரத் தட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. நீ இருந்தால் எழுந்து போயிருப்பாய். அன்றைக்கு மூச்சு கேட்கவில்லை. ஆனால் தெருநாய்கள் ஒவ்வொன்றாக வந்து வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. குரைக்கவில்லை. புனலைப் பார்க்கவில்லை. உன் நாற்காலியைப் பார்த்தன. படம் முடிந்ததும் எழுந்து அதே வரிசையில் போய்விட்டன.

என்னைக் கோழை என்று நினைக்காதே. அந்த வாரம் முழுவதும் நான் அந்தத் தெருவழியாகப் போகாததற்குக் காரணம் வெயில்.

பிறகு எனக்குத் தோன்றியது. கடைப் பெட்டியும் கல்யாணப் புனலும் உன்னை எப்படித் தாங்கும்? பஸ் ஏறி வேம்பாருக்குப் போனேன். உன் பழைய வத்தைப் படகு அங்கேதான் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பலகைகளை எடுத்து, படகு கட்டும் ஓடாவி ஒருவரிடம் கொடுத்து, 'ஒரு பெட்டி செய்யும்' என்றேன்.

அவர் பலகையை முகர்ந்து பார்த்தார். "தண்ணி குடிச்ச பலகை. எவ்வளவு காயப்போட்டாலும் காயாது. உள்ளுக்குள்ள கடல் இருக்கும், பாத்துக்கிடும்."

"இருக்கட்டும். அதுக்குத்தான்" என்றேன்.

பெட்டி வந்தது. பழைய கூம்பை அதில் பொருத்தினோம். புது ஒயர் தாராளமாக வாங்கியிருந்தேன். மூலைக்கு எட்டும் அளவு போக மிச்சத்தைச் சுற்றுச் சுற்றாகச் சுருட்டி, நூல் போட்டுக் கட்டி, பெட்டியின் முதுகில் தொங்கவிட்டேன். எதையும் சுருட்டாமல் விடுவது கயிறு பிடித்த கைக்கு வராது, மச்சான். பிரகாசி வந்து பலகையைத் தடவினாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புக் கரிக்கி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைச் சொல்லுகிறேன். கடல்காற்று எழும்பும் நேரம். அன்றைக்கு எழும்பவில்லை. தென்னங்கீற்று ஒன்றுகூட அசையவில்லை. பிரகாசி வழக்கம்போல் மணிக்கட்டில் சேலையைச் சுற்றிக்கொண்டு உன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரேடியோவின் முதுகில் ஒயர் சொருகும் இடம் தளர்ந்துபோயிருந்தது. பிடித்துக்கொண்டிருந்தால்தான் சத்தம் வரும். நான் ரேடியோ பக்கத்தில் தரையில் குத்தவைத்து, ஒயரை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, பெருவிரலால் அழுத்திக்கொண்டேன். எனக்கே தெரியாமல் கால் இரண்டும் படகில் நிற்பது போல விரிந்துகொண்டன.

முதலில் பாட்டு. பலகை அதிர்ந்தது, பாட்டு அதற்குள் தளும்பியது. பிறகு ஒலிச்சித்திரம். கதவுக்குப் பின்னால் நின்று ஒரு பெண் யாரிடமோ மெதுவாகப் பேசும் கட்டம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் குழம்பி வந்தது. இந்தப் பெட்டியும் தோற்றது என்று நினைத்தேன். நினைத்து முடிக்குமுன் அந்தப் பெண் பேச்சை நிறுத்தினாள்.

மூச்சு வந்தது. நீளமாக உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

நின்றதென்றால் எல்லாமே நின்றது. பிரகாசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன். சுவரில் இருந்த பல்லி பிடித்துக்கொண்டு, தாங்காமல் கீழே விழுந்தது. பக்கத்து வீட்டில் அழுதுகொண்டிருந்த குழந்தை பாதி அழுகையில் நின்றது. துறைமுகத்தில் கிரேன் நின்றது. கடல்கூட ஒரு அலையைத் தூக்கி, போடாமல் வைத்திருந்தது. நீ கீழே இருக்கும்போது நான் எப்போதும் உன்னோடு சேர்ந்து மூச்சுப் பிடிப்பேன், உனக்குத் தெரியாது. எனக்கு முதலில் முட்டும். 'இந்நேரம் வந்திருக்கணுமே' என்று தோன்றும். அன்றைக்கும் தோன்றியது. கண்ணில் கறுப்புப் பொட்டுகள் வந்தன. பெட்டி பேசவில்லை.

அப்போது ஒயர் என் கையில் இழுத்தது.

மூலையிலிருந்து, பெட்டி இருந்த பக்கத்திலிருந்து. வெடுக்கென்று இல்லை. நீ இழுப்பாயே, சங்குப் பையை இடுப்பில் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல், அப்படி.

நான் மூச்சை விட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் பிரகாசி எழுந்துவிட்டாள்.

"என்னண்ணே?"

என்னால் கையைத்தான் தூக்கிக் காட்ட முடிந்தது.

"இழுத்தாவளா?"

தலையை ஆட்டினேன்.

"எத்தன?"

"ஒண்ணு."

"பொறு" என்றாள். "விட்டுராத. நல்லாப் புடி. எவன் ரேடியோ போட்டாலும் நீ திரும்பாத."

இருந்தோம். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கைக்கு மேலே தன் கையை வைத்து ஒயரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் பிடித்தால் கயிறு சேதியைச் சரியாகச் சொல்லாது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அவள் கையை எடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெயில் வாசல்படியிலிருந்து உள்ளே நகர்ந்து எங்கள் முழங்காலுக்கு வந்தது. இரண்டாவது வந்தால் நான் தூக்கவேண்டும். எதைத் தூக்குவேன், மச்சான்? எங்கிருந்து? அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

இரண்டாவது வரவில்லை.

வரவே இல்லை.

"ஒண்ணுதானா?" என்றாள்.

"ஒண்ணுதாம்ளா."

"ஒண்ணுன்னா?"

அவளுக்குத் தெரியாமலா கேட்டாள்? என் வாயால் கேட்க வேண்டியிருந்தது. "நல்லாயிருக்கேன். கயிறு விடு."

அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். மணிக்கட்டில் சுற்றியிருந்த சேலையைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பச் சும்மா என்னண்ணே புடிச்சிட்டு இருக்க? விடு. அவிய கேட்டாவள்லா. கயித்தை விடு."

பெட்டியின் முதுகில் நான் கட்டியிருந்த நூலை அவளே அறுத்தாள். சுருளைப் பிரித்தாள். பெட்டியை மூலையிலிருந்து இரண்டு கையாலும் பற்றி, சிமென்ட் தரையில் தரதரவென்று இழுத்தாள். மாதக்கணக்காகக் கப்பிக்குத் துணி சுற்றியவள், அந்தத் தெருவே கேட்க இழுத்தாள். நான் குத்தவைத்தபடியே ஒயரை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். சுவரை விட்டு, சுரூபத் தட்டை விட்டு, கூடத்தின் நடுவுக்கு, உன் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள்.

அந்த இடத்தில் பெட்டி வாயைத் திறந்தது.

முதலில் வெளிமூச்சு வந்தது. தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் நீ விடுவாயே, சீட்டி போல, அது. அதற்குப் பின்னால் கதவோரத்துப் பெண்ணின் குரல், காதருகில் நின்று சொல்வது போல. அவள் குரலுக்கு அடியில் எங்கோ ஒரு தவில், தனியாக, குரலை மிதிக்காமல், நேராக என் விலா எலும்பில் வந்து இடித்தது. பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே பெட்டி. நீ கடலுக்குள் தேடியும் கிடைக்காதது. சுவரோரம் முடக்கி வைத்திருந்ததுதான் தப்பு. அதுவரைக்கும் அந்த வீட்டில் அதற்குப் போதிய கயிறு இல்லை.

பிரகாசி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் கதை கேட்டாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுண்ணே. காது கேக்காத ஆளு."

கூட்டினேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்து பார்த்தார். நாலு பக்கமும் சுற்றி வந்தார். "மூலைல வச்சா ரெண்டு சுவரும் அடிச் சத்தத்தை ஊதிவிடும், பேச்சு அமுங்கிப்போகும். நடுவுல வந்ததும் தெளிஞ்சிட்டு. இது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"பொறவு ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீரு கேக்கலையே வேய்."

"ஒயர் இழுத்துதே, அதுக்கு என்ன சொல்லுதீரு?"

"எலியா இருக்கும்."

"எலி ஒரு தடவை இழுத்துட்டு மரியாதையா நிப்பாட்டுமா?"

அண்ணாச்சி காப்பியைக் குடித்துவிட்டு, பெட்டியைச் சுற்றாமல், கொஞ்சம் தள்ளியே நடந்து வெளியே போனார்.

ஆண்டுப் பூசை வருகிற வாரம். பிரகாசி கோழிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கப்பியில் துணி இல்லை, தெருமுனைவரைக்கும் கீச்சிடுகிறது. நேற்று என்னைப் பார்த்து, 'உனக்கு வேற சோலி இல்லையா, நாலு வேளையும் இங்கன வந்து உக்காருத' என்று திட்டினாள். காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்துக்குத் தெருப் பெண்கள் எல்லாம் வருகிறார்கள். கூடம் நிறைந்து வழிகிறது. ஆனால் உன் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பழைய சேலையைத் துவைத்து மடித்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டாள். பெட்டியைத் திரும்ப மூலைக்குத் தள்ள யார் நினைத்தாலும், 'அங்கன வேண்டாம், அவியளுக்கு நீந்த எடம் போதாது' என்கிறாள்.

சரி, மச்சான். கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். கடலாமை பொய். கப்பல் நங்கூரத்தை அறுத்தது பொய். வேம்பாரில் யாரும் அழவில்லை. நாய்கள் வந்தன, ஆனால் அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்திருந்தார்கள். பல்லி விழுந்தது நான் சேர்த்தது. அந்த மூச்சுக்கூட, வால்வு சூடேறும்போது ரேடியோ அப்படி இரையும் என்கிறார்கள், இருக்கலாம், நான் அடித்துப் பேசமாட்டேன். என் வாய் எதையும் சொல்லும், அது ஊருக்கே தெரியும். ஆனால் என் உள்ளங்கைக்குப் பொய் தெரியாது. உன் கயிற்றைத் தவிர வேறெதையும் அது அத்தனை வருஷம் பிடித்ததில்லை. ஒயர் இழுத்தது. ஒருமுறை. இந்தக் கதையில் அந்த ஒரு சின்னச் சங்கதி மட்டும் உண்மை.

நீ கேட்டபடியே விடுகிறேன். வேண்டிய மட்டும் போ, எவ்வளவு ஆழமானாலும் போ, இங்கே சுருள் தீராது. ஆனால் என் முனையை நான் கையிலிருந்து எடுக்கமாட்டேன். என்றைக்காவது இரண்டாவது இழுப்பு வந்தால், நான் எங்கே இருந்தாலும், எப்பேர்ப்பட்ட பொய்யின் நடுவில் இருந்தாலும், அதை அப்படியே போட்டுவிட்டுத் தூக்குவேன். இது சத்தியம். காதைப் பார், துடிக்கிறதா?

கயிற்றின் மேல்முனையிலிருந்து,
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் மச்சான்
கஸ்பார்